பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இந்தப் படிப்பையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் பிளஸ் டூ வழிகாட்டி இணைப்பிதழ் கொடுத்திருந்தீர்கள். நர்சிங், பி.எட்., வங்கித் தேர்வு எல்லாம் இருந்தன. அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களோடு வேலை செய்வதற்கான படிப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. கேரளத்தின் வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தில் இப்படி ஒரு மகனை வளர்க்கும் எனக்கு அது வருத்தமாக இருந்தது.

பாசம் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பல் துலக்கக் கற்றுத் தருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை எடுப்பது, மூடியைத் திறப்பது, பேஸ்ட்டைப் பிதுக்குவது என்று அதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிக்க வேண்டும். முதலில் கையைப் பிடித்துச் செய்ய வைத்து, பிறகு லேசாகத் தொட்டு, அப்புறம் சொல்லால் மட்டும் என்று உதவியைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். எப்போது கையை விடுவது என்பதுதான் இதில் கஷ்டமான பாடம். வலிப்பு வந்தால் இன்னமும் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறோம். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது என்பது பயிற்சி பெற்றவருக்குத் தெரியும்.

கேரளத்தில் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழு அமைப்பும் சேர்ந்து இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக பட்ஸ் பள்ளிகள் நடத்துகின்றன. 18 வயது தாண்டியவர்களுக்கும் மையங்கள் உண்டு. இதற்கு நாங்கள் நன்றியோடு இருக்கிறோம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டில் கேட்பது தமிழ். 'உட்கார்', 'போதும்' என்பதைப் புரிந்துகொள்ளவே மாதக்கணக்கில் ஆகும் பிள்ளை, அதையே மலையாளத்தில் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டுமா? தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் சரளம். இந்த வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்பு இரண்டு வருடம். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற இடத்தில் படித்து, அந்தக் கவுன்சிலில் பதிவும் செய்ய வேண்டும். சென்னை அருகே முட்டுக்காட்டில் இதற்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது. ஆனால் ஒரு தோட்டத் தொழிலாளி மகளை அவ்வளவு தூரம் அனுப்ப யோசிப்பார். ஊரிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பணியாளர்களுக்காக 2021இல் தொடங்கிய ஆறு மாதப் படிப்பும் (CBID) உண்டு; அதையாவது கம்பம், தேனிப் பக்கம் தமிழில் நடத்தினால் எல்லையின் இரு பக்கத்துப் பிள்ளைகளும் படிப்பார்கள்.

அடுத்த இணைப்பிதழில் இதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். எங்கெங்கே படிக்கலாம், கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துப் போடுங்கள். பணம் கட்டுமுன் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கும்படியும் மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.