இசை அமைக்கப் பழக்கப் போகிற மகளுக்கு

இணுவில்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகள்,

ரொறன்ரோவில் 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு இசையமைப்பு வகுப்புத் தொடங்குகிறாய், பாதிப் பேர் வாய்ப்பாட்டுப் பிள்ளைகள், மற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் வயலின், வியோலா, செல்லோ படிக்கிறவர்கள் என்று எழுதியிருந்தாய். சரியான சந்தோசம். முதல் வகுப்பில் முழு இராகத்தைக் கையில் கொடுத்துவிடாதே. மோகன இராகத்தில் ச ரி க ப என்ற நாலு சுரம் போதும். ஆதி தாளம், ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று; அதிலுள்ள 8 எண்ணிக்கையில் (அட்சரம்) ஒவ்வொன்றுக்கும் 4 மாத்திரையாக 32. இரண்டு வரி கேள்: முதல் வரி பஞ்சமத்தில் (ப) நிற்க வேணும், இரண்டாவது சட்ஜத்தில் (ச) இறங்க வேணும். எல்லை சின்னதாய் இருந்தால்தான் பிள்ளை முடிக்கும். முடித்த பிள்ளைதான் அடுத்த கிழமையும் எழுதிக்கொண்டு வரும். விரும்பினதை எழுது என்று விட்டால், பாடமான கீதத்தின் துண்டுதான் திரும்பி வரும். பரீட்சைக்கென்றே படித்து வந்த பிள்ளைகளிடம் இது அதிகம்.

முதலில் கொப்பியைத் திறக்கவிடாதே. தாளம் போட்டுப் பாடட்டும், போனில் பதியட்டும், பிறகு அதைக் கேட்டு எழுதட்டும். நேரே எழுதுகிற பிள்ளை 32 மாத்திரைக்கும் 32 சுரம் நிரப்பிவிடும், மூச்சு விட இடமிராது. குறைந்தது 8 மாத்திரையாவது கார்வையாகவோ (சுரத்தை நீட்டிப் பிடிப்பது) வெறுமையாகவோ விடச் சொல். அடுத்த பிழை, எல்லாரும் சமத்திலேயே, தாளம் தொடங்கும் தட்டிலேயே, பாட்டை எடுப்பது. கொஞ்சம் பழகினதும் அரை இடம் கொடு, 2 மாத்திரை தள்ளி. பிறகு ஒன்றரை இடம், 6 மாத்திரை தள்ளி. ஒன்றரை இடத்தில் எடுக்கிற வரிக்குச் சமத்துக்கு முன் 26 மாத்திரை, சமம் தாண்டி 6 மாத்திரை. அந்த ஆறுக்குள் வரி அடங்கி மூச்சும் எடுக்காவிட்டால் இரண்டாம் வரி பிந்தும். பிள்ளைகள் தாளத்தில் பிழை தேடுவார்கள். பிழை மூச்சில் இருக்கும்.

சொல் சேர்க்கும்போது வடிவாய்க் கவனி. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற இலக்கணக் கணக்கு பாட்டிலும் உயிரோடு இருக்கிறது. மலை என்ற சொல்லின் முதல் எழுத்தில் கார்வை விட்டால் மாலை ஆகிவிடும். வரம் வாரமாகும், கலை காலையாகும். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் காதில் உடனே விழாது. ஆகவே ஒவ்வொரு வரியையும் தாளம் போட்டு வாசிக்கச் சொல், பாட்டு பிறகு. நீட்ட வேண்டுமானால் நெடிலில் நீட்டு. நெடிலே இல்லாத சொல்லானால் குறிலைச் சுருக்கமாய்ப் பாடி, ம், ன், ல் போன்ற மெய்யில் நிற்கலாம். மனம் என்றால் கடைசி மகர மெய்யில். சொல்லின் நடுவிலே மூச்சு எடுக்கிற இடம் வந்தால் அந்த மெட்டை மாற்றத்தான் வேணும்.

முத்தாய்ப்புக்கு, மூன்று தரம் சொல்லி முடிக்கிற அந்தச் சொற்கட்டுக்கு, ததிகிணதொம் போதும். ஐந்து எழுத்து, மூன்று தரம் 15, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை விட்டால் 19. 32இல் 19 போக 13. சமத்திலிருந்து 13 மாத்திரை விட்டுத் தொடங்கினால் அடுத்த சமத்தில் பல்லவி எடுக்கலாம். முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணப் பழக்கு. முன்னிருந்து எண்ணுகிற பிள்ளை மிஞ்சின மாத்திரையை எங்கே தள்ளுவதென்று தெரியாமல் நிற்கும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் பதிவுகளைப் போட்டுக் காட்டு, கணக்கு எவ்வளவு இனிமையாய் ஒலிக்கலாம் என்று அவர்களே கேட்கட்டும்.

இனி அந்த வாத்தியப் பிள்ளைகள். எங்கடை வயலின் போல ச ப ச ப என்று நரம்பைக் கூட்டச் சொல்லாதே, விரல் குழம்பிவிடும். அவர்களின் வயலின் ஜி, டி, ஏ, ஈ; வியோலாவும் செல்லோவும் சி, ஜி, டி, ஏ. சுருதியை 5 கட்டைக்கு, அதாவது ஜி உயரத்துக்கு, வைத்தால் ஜி சட்ஜம், டி பஞ்சமம், ஏ சதுசுருதி ரிஷபம் (மோகனத்தின் ரி); மூன்றும் மூன்று வாத்தியத்திலும் விரல் வைக்காத திறந்த நரம்பு. வாய்ப்பாட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் அந்தச் சுருதி பொருந்தும். மிருதங்கத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள், 2 கட்டை (டி) மிருதங்கத்தை 5 கட்டைக்கு ஏற்ற முடியாது.

இதில் ஒரு அருமையான பாடம் இருக்கிறது. மேலே மோகனத்தின் ஐந்து சுரமும் அப்படியே போகட்டும். செல்லோ அடியில் ஜியைப் பிடித்திருந்துவிட்டு ஏக்கு மாறினால், அதே சுரங்கள் மத்தியமாவதி இராகமாய்க் கேட்கும். டிக்கு மாறினால் சுத்த சாவேரி. சட்ஜத்தை இடம் மாற்றி வேறு இராகம் பிறக்கச் செய்கிற இந்தக் கிரகபேதத்தை ஒரு பிள்ளை ஒற்றை வில்லால் செய்து காட்டிவிடும். ஆனால் தம்புரா ஓடிக்கொண்டிருந்தால் காது பழைய சட்ஜத்தை விடாது, அதை நிறுத்து. மாறின நரம்பையும் நாலு ஆவர்த்தனமாவது பிடிக்க விடு. கெதியாய் மாற்றினால் சுரம் தவறிவிட்டது போலத்தான் கேட்கும்.

உன் புதுப் படைப்புக்குத் தோடி இராகத்தையோ சகானாவையோ மேல்நாட்டு ஐந்து கோட்டுக் குறிப்பில் எழுதி அவர்களிடம் கொடுக்க நினைத்தால், வேண்டாம். கமகமில்லாத, அசைத்துப் பாடாத, தோடிக் காந்தாரம் (க) தோடியாகாது. அந்த வரியைக் கர்நாடக வயலின் வாசிப்பவரிடம் விட்டு, மற்றவர்களை அடியில் நிற்க வை. மோகனமும் அம்சத்வனியும் நேர்ச்சுரத்திலும் ஓரளவு தாங்கும்.

பிள்ளையின் வரியை நீ திருத்தி எழுதிக் கொடுக்காதே. இதை நான் வலுவாய்ச் சொல்லுகிறேன். உன் கை பட்ட வரி நல்லாய்த்தான் இருக்கும், ஆனால் அது பிறகு பிள்ளையின் வரியல்ல, அதற்கும் அது தெரியும். அந்த வரியை இன்னொரு பிள்ளைக்கு இரண்டு தரம் பாடிக் காட்டச் சொல். மற்றப் பிள்ளை எங்கே தடுமாறித் திருப்பிப் பாடுகிறதோ அங்கே கேள்வி கேள்: இந்தச் சுரம் ஏன் இங்கே வந்தது, எங்கே மூச்சு எடுத்தாய்? ஒரு கிழமைக்கு ஒரு மாற்றம் போதும். பழைய வரியை அழிக்கவிடாமல் திகதி போட்டு வைக்கச் சொல்.

முதல் மாதக் கொப்பிகளைப் படம் பிடித்து ஒருக்கால் அனுப்பு. தாளம் பிரிக்கிற கோடுகளைச் சரியாய்ப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேணும்.

அன்புடன்,
அப்பா