சென்டர் ஆட்டக்காரரின் கால்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் நெட்டையான பையன் கூடைப்பந்து ஆட வந்தால், அவனைச் ‘சென்டர்’ ஆக்கி, வளையத்தடியில் நின்று பந்தைப் பிடித்துக் கொடுப்பதோடு அவன் வேலை முடிந்ததென்று விட்டுவிடுகிறோம். ஆனால் நைஜீரியாவின் கடலோர நகரமான லாகோசில் பிறந்த புகழ்பெற்ற சென்டர் ஹக்கீம் ஒலாஜுவான், 15 வயதுவரை கூடைப்பந்தே ஆடாமல், ஹேண்ட்பால் ஆடி, கால்பந்தில் கோல் காத்தவர். அங்கே பழகிய கால்தான், அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக் அணிகள் புது வீரர்களை எடுக்கும் 1984-ஆம் ஆண்டுத் தேர்வில் முதல் ஆளாக அவரை எடுத்த ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியில், ஒரு பக்கம் போவதாகத் தோளைக் காட்டி, எதிராளி சாய்ந்ததும் மறுபக்கம் சுழன்று பந்தெறியும் ‘ட்ரீம் ஷேக்’ ஆயிற்று. (அவ்வாண்டு மைக்கேல் ஜோர்டனே மூன்றாவதாகத்தான் எடுக்கப்பட்டார்.) 1994, 1995 இரண்டிலும் அவ்வணிக்குப் பட்டம்; எதிரணி வளையத்துக்கு எறிந்த பந்தை மறித்த அவருடைய 3,830 தடுப்புகள் இன்றும் என்பிஏ சாதனை.

மண்டபம் பக்கம் நான் மாலையில் கடந்துபோகும் திடலில், உப்புக்காற்றில் துருவேறிய வளையத்தில் வலைநூல் இரண்டு மட்டும் தொங்குகிறது. சற்றுத் தள்ளி, மணலில் வெறுங்காலோடு கோல் காக்கும் உயரமான பையன்கள் இருக்கிறார்கள். பயிற்சியாளர்கள் அவர்களை அழைத்து, குதிக்கச் சொல்லுமுன் காலை நகர்த்தக் கற்றுத்தர வேண்டும். வளையத்தையும் மாற்றித் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், மண்டபம்