டேப்களை இடப்பக்கம் வைக்க விடுங்கள்: எடிட்டர் வடிவமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். நாங்கள் நிரல் எழுதப் பயன்படுத்தும் உங்கள் எடிட்டரின் கடைசி அப்டேட்டில் எதை எடுத்துவிட்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். திறந்திருக்கும் ஃபைல்களின் பெயர்ப்பட்டைகளை, அதாவது டேப்களை, இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக அடுக்கிக் காட்டிய செட்டிங் இப்போது இல்லை. டேப்கள் எல்லாம் மேலே ஒரே வரிசை. இடம் போதாவிட்டால் உருட்டித் தேட வேண்டும், இல்லை இரண்டு மூன்று வரிசையாக மடித்துக்கொள்ள வேண்டும். அந்தச் செட்டிங்கைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம், ஓர் ஆப் செய்தால் அது ஒரு மொழியோடு நிற்காது. பஸ் நேரமோ பால் சொசைட்டிக் கணக்கோ, எதுவானாலும் தமிழும் மலையாளமும் இரண்டுமே வேண்டும். ஆங்கிலம் கூடவே வரும். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கம் போனால் மலையாளத்தின் இடத்தில் தெலுங்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆண்ட்ராய்டில் மொழிபெயர்ப்பு எப்படி வைக்கப்படுகிறது என்று பாருங்கள். திரையில் வரும் சொற்களெல்லாம் 'ஸ்ட்ரிங்ஸ்.எக்ஸ்எம்எல்' என்ற ஃபைலில் இருக்கும். மூன்று மொழி என்றால் மூன்று ஃபைல். மூன்றுக்கும் பெயர் ஒன்றே. ஃபோல்டர்தான் வேறு: ஆங்கிலத்துக்கு 'வேல்யூஸ்', தமிழுக்கு 'வேல்யூஸ்-டிஏ', மலையாளத்துக்கு 'வேல்யூஸ்-எம்எல்'. பட்டியல் சொற்களுக்கான 'அர்ரேஸ்' ஃபைலும் இதேபோல மூன்று. இதோடு திரை அமைப்புக்கான லேஅவுட் ஃபைல் இரண்டு, காட்லின் மொழியில் எழுதிய நிரல் ஃபைல் இரண்டு, ஆப்பின் விவரம் சொல்லும் மேனிஃபெஸ்ட், ஆப்பைக் கட்டும் விதிகளுள்ள கிரேடில் ஃபைல் சேர்ந்தால் சாதாரண வேலைக்கே பன்னிரண்டு டேப் திறந்திருக்கும்.

இப்போது உங்கள் மேல்வரிசையைப் பாருங்கள். ஒரே பெயரில் ஃபைல்கள் இருந்தால் பெயருக்குப் பின்னால் ஃபோல்டர் பெயரை மங்கலாகக் காட்டுகிறீர்கள். டேப் நெருக்கப்பட்டதும் அது கடைசியிலிருந்து வெட்டுப்படுகிறது. 'ஸ்ட்ரிங்ஸ் வேல்யூஸ்-…' என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டேப் நிற்கின்றன. எது தமிழ், எது மலையாளம் என்று சொல்லும் அந்த இரண்டே எழுத்துதான் வெட்டுப்பட்டுப் போகிறது. பொள்ளாச்சி பஸ்ஸும் பாலக்காடு பஸ்ஸும் ஊர்ப்பெயரை மறைத்துக்கொண்டு ஸ்டாண்டில் நின்றால் எதில் ஏறுவது?

'இருக்கை இல்லை' என்ற தமிழ் வரியை மலையாள ஃபைலில் ஒட்டிவிட்டால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. அதுதான் ஆபத்து. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் எந்த மொழியில் எழுதினாலும் அந்த ஃபைலுக்குச் சரியானதே, ஆப்பைக் கட்டும் பில்ட் வேலை நிற்காது. தவறுகளைத் தானாகத் தேடும் லின்ட் சோதனை, மொழிபெயர்ப்பு விடுபட்டிருக்கிறதா, கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, எந்த எழுத்தில் எழுதியிருக்கிறது என்று பார்க்காது. ஆப் வெளியே போன பிறகு, மலையாளம் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவர் டிக்கெட் பக்கத்தில் தமிழைப் பார்த்துத் திகைக்கும்போதுதான் தவறு தெரியவரும். இடப்பக்க அடுக்கில் இந்தத் தவறு அரிது. பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே நேர்க்கோட்டில், ஃபோல்டரோடு முழுசாக நிற்கும். டிஏ-வும் எம்எல்-லும் கண்ணில் பட்டே தீரும்.

இடம் வீணாகும் என்பது உங்கள் வாதமானால், கணக்கைப் பார்த்துவிடலாம். இங்கே கணினி லேப்களிலும் பழைய லேப்டாப்களிலும் திரை 1366-க்கு 768 பிக்சல். உயரத்தில் டாஸ்க்பாருக்கு 40 பிக்சல், டைட்டில் பாருக்கு 30, டேப் வரிசைக்கு 35, ஃபைல் பாதைக்கு 22, அடியில் ஸ்டேட்டஸ் பாருக்கு 22. மிச்சம் 619. ஒரு வரிக்கு 19 பிக்சல் என்றால் 32 வரி தெரியும். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலை 200 பிக்சலில் திறந்தால் 22 வரி. டேப்களை மூன்று வரிசையாக மடித்தால் 18. அகலத்திலோ, ஐகான் பட்டைக்கு 48, ஃபோல்டர்களைக் காட்டும் ஃபைல் மரத்துக்கு 240, டேப் அடுக்குக்கு 220, எழுத்துக்கு 8 பிக்சல் வீதம் நூறு எழுத்து ஓடும் நிரல் வரிக்கு 800 கொடுத்தாலும் 58 பிக்சல் மிஞ்சுகிறது. வரி எண்ணுக்கும் ஸ்க்ரோல் பாருக்கும் அது போதும். இந்தத் திரையில் தட்டுப்பாடு உயரத்துக்குத்தான். அகலத்தில் சும்மா கிடப்பதை விட்டுவிட்டு, இல்லாத இடத்திலிருந்து பிடுங்குகிறீர்கள்.

மாற்று வழிகளையும் முயன்றாயிற்று. கன்ட்ரோல்-டேப் அழுத்தினால் கடைசியாகப் பார்த்த வரிசையில் ஃபைல்கள் வருகின்றன. ஒவ்வொரு தடவையும் வரிசை மாறுவதால் மூன்று ஃபைல்களுக்கிடையே போய்வரும்போது எத்தனை தடவை அழுத்துவது என்று கைக்குப் பழகாது. டேப் வரிசையை மடித்தால், இரண்டாம் வரிசை முளைக்கும்போதெல்லாம் நிரல் 35 பிக்சல் கீழே குதிக்கிறது, கிட்டத்தட்ட இரண்டு வரி. படித்துக்கொண்டிருந்த கண் இடம் தவறிப்போகும். பெயரைத் தட்டித் தேடித் திறக்கலாம்தான். ஆனால் 'ஸ்ட்ரிங்ஸ்' என்று தட்டினால் அதே மூன்று பெயர் வந்து நிற்கும்.

யாரும் செய்யாத ஒன்றைக் கேட்கவில்லை. கியானி என்ற எடிட்டரில் டேப்களை நான்கு பக்கத்தில் எதில் வேண்டுமானாலும் வைக்கலாம். ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் எடிட்டர்களிலும் அப்படியே. வேண்டாமென்றால் டேப்பையே மறைத்துவிடலாம். மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ 2019-இன் 16.4 பதிப்பிலேயே இடம், வலம், மேல் என்று தேர்ந்தெடுக்க முடிந்தது. பிரவுசர்கள்கூட வந்துவிட்டன: எட்ஜ் 2021-இல், ஃபயர்ஃபாக்ஸ் 2025 மார்ச்சில் 136-ஆம் பதிப்பில். மற்றவர்கள் சேர்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள்.

இந்தச் செட்டிங்கை யாரும் பயன்படுத்துவதில்லை என்று உங்கள் கணக்கு சொல்லியிருக்கலாம். அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது? பயனர் தகவலை அனுப்பும் கணினிகளிலிருந்து மட்டும். லேப்களில் முதல் வேலையாக அப்படித் தகவல் அனுப்புவதை அணைத்துவிடுவார்கள். பல கணினிகளுக்கு இணையமே கிடையாது. அந்த மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக்கூட வரமாட்டார்கள். கணக்கில் வராதவர்களை இல்லாதவர்கள் என்று வைத்துக்கொள்வது நியாயமில்லை.

எழுத்து விஷயத்திலும் இதே அலட்சியம்தான். டேப்பில் பெயரை வெட்டும்போது யூனிகோடு குறியீடுகளை எண்ணி வெட்டுகிறீர்கள். 'பாலக்காடு' நமக்கு ஐந்து எழுத்து. துணைக்கால், புள்ளி, உகரக் குறி எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதால் குறியீட்டுக் கணக்கில் ஒன்பது. எட்டில் வெட்டினால் 'பாலக்காட' என்று உகரம் இழந்து நிற்கும். நான்கில் வெட்டினால் புள்ளி போய் 'பாலக' ஆகிவிடும். மலையாளத்துக்கும் தெலுங்குக்கும் இதே கதிதான். குறியீட்டை விட்டு முழு எழுத்தை எண்ணி வெட்ட யூனிகோடு விதிமுறை இருக்கிறது. அதற்கான நூலகங்களும் இருக்கின்றன. இத்தனை வருடமாகியும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பதில் வருத்தம் உண்டு, கோபமும் உண்டு.

கோரிக்கைக்கு வருகிறோம். டேப்கள் மேலே இருப்பதே இயல்புநிலையாக இருக்கட்டும், அதில் மறுப்பில்லை. இடப்பக்கம் வைக்கும் செட்டிங்கை மட்டும் திருப்பித் தாருங்கள். ஒரே பெயரில் ஃபைல்கள் இருந்தால் ஃபோல்டர் பெயரை முன்னால் போடுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நடுவில் வெட்டுங்கள், கடைசி எழுத்துகளை விட்டுவிடுங்கள். இனி ஒரு செட்டிங்கை எடுப்பதாக இருந்தால் ஒரு பதிப்புக்கு முன்னாலேயே அறிவியுங்கள். லேப்களில் அச்சடித்து ஒட்டியிருக்கும் செய்முறைத் தாள்களை மாற்ற அந்த அவகாசமாவது வேண்டும்.

சோதனைப் பதிப்பு வெளியிட்டால், 1366-க்கு 768 திரையில், மூன்று மொழி ஃபைல்களோடு ஓட்டிப் பார்த்து, எது எங்கே வெட்டுப்படுகிறது என்று படத்தோடு எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறோம். தயவுசெய்து அடுத்த பதிப்பிலேயே இதைச் செய்துதர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகாவில் தமிழிலும் மலையாளத்திலும் ஆப் செய்யும் நிரலாளர்கள்
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்