டூட்டி லிஸ்ட் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும் நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட்டுகளுக்கும் வணக்கம்.

மே 12, செவிலியர் நாளன்று உங்களில் பலர் மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று ஒரு வகுப்பு வைக்கிறீர்கள். மூச்சுப்பயிற்சி, கைதட்டல், கேக். நைட் முடித்துவிட்டுத் தூங்கப் போகாமல் அந்த வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கும் சிஸ்டர்களும் அதில் உண்டு. மூச்சுப்பயிற்சி கெட்டதல்ல, செய்தால் பலன் கிடைக்கும். ஆனால் ஒரு செவிலியரின் வேலை, வீடு, உடம்பு மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஆட்டுவது உங்கள் நோட்டீஸ் போர்டில் தொங்கும் டூட்டி லிஸ்ட். அதைத் திருத்தச் சொல்லித்தான் இந்த மடல்.

முதலில் ஆள் கணக்கு. ஓர் இடத்தில் எந்நேரமும் ஒரு செவிலியர் இருக்க வேண்டும், மூன்று ஷிப்டு, ஆகவே மூன்று பேர் என்று ஆள் எடுக்கிறீர்கள். வருடத்துக்கு 365 நாள், நாளுக்கு மூன்று என்றால் 1,095 டூட்டி. ஒருவருக்கு வார விடுமுறை 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 12, பண்டிகை விடுமுறை 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். 85 போக 280 நாள்தான் அவரால் வர முடியும். 1,095ஐ 280ஆல் வகுத்தால் 3.9. இந்திய நர்சிங் கவுன்சில் தன் ஆள் கணக்கில் விடுப்புக்காக 30 சதவீதம் கூட்டச் சொல்வதும் இதனால்தான். மூன்றோடு 30 சதவீதம் சேர்த்தாலும் அதே 3.9 வருகிறது. மூன்றே பேரை வைத்து ஓட்டினால் வருடத்தில் 255 டூட்டிக்கு ஆள் கிடையாது. அந்த 255தான் டபுள் டூட்டியாகவும், கடைசி நேரத்தில் ரத்தாகும் ஆஃபாகவும், விடியற்காலையில் வரும் “இன்னைக்கு மட்டும் வந்துடும்மா” போனாகவும் மாறுகிறது. காய்ச்சலையும் மகப்பேறு விடுப்பையும் இதில் நாங்கள் சேர்க்கவேயில்லை. 

அடுத்தது ஷிப்டு மாறும் திசை. நம் உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னால் இழுப்பது கடினம். காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாற்றினால் உடம்பு ஓரளவு கூடவே வரும். இரவிலிருந்து மதியத்துக்கும் மதியத்திலிருந்து காலைக்கும் பின்னோக்கி இழுத்தால் வராது. மதிய ஷிப்டை இரவு 8 மணிக்கு முடித்தவருக்கு மறுநாள் காலை 7 மணி டூட்டி போடுவது இதில் மிக மோசமான வழக்கம். தாளில் பதினொரு மணி நேரம் இருப்பதுபோலத் தெரியும். ஓவர் கொடுத்து (அடுத்த ஷிப்டுக்காரரிடம் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைத்து), பஸ் பிடித்து, சமைத்து, பிள்ளையைத் தூங்கவைத்து, காலை 5 மணிக்கு எழுந்தால் தூக்கத்துக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர விதி இரண்டு ஷிப்டுக்கு நடுவே தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வைக் குறைந்தபட்சமாகக் கேட்கிறது. நம் ஊர்ப் போக்குவரத்துக்கும் வீட்டு வேலைக்கும் 12க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது எங்கள் கருத்து.

தொடர் நைட் எத்தனை? ஒரு வாரம் முழுக்க, சில இடங்களில் அதற்கும் மேல் போடுகிறீர்கள். “நாலு நாளில் பழகிடும்” என்பார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் முகத்தில் விழும் வெயிலே மூளைக்கு ‘விடிந்துவிட்டது’ என்று சொல்லிவிடுவதால், பெரும்பாலோருக்கு உடல் கடிகாரம் முழுதாக இரவு வேலைக்கு மாறுவதில்லை. பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிடக் குறைவு. அந்தக் கடன் ஒவ்வொரு நாளும் கூடும். இரண்டு அல்லது மூன்று நைட், அதன்பின் இரண்டு முழு இரவுகள் வீட்டில் தூங்கும்படி ஆஃப். நைட் முடிந்து வெளியேறிய நாளையே ஆஃப் என்று கணக்கெழுதுவது ஏமாற்று. அன்று காலை வரை அவர் வார்டில்தான் இருந்தார்.

ஆறு, ஆறு, பன்னிரண்டு என்று நாளைப் பிரிக்கும் மருத்துவமனைகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரவு 7.30க்கு வந்தவர் காலை 7.30க்கு ஓவர் கொடுக்க ஆரம்பித்து, மருந்து எண்ணிக்கையும் எமர்ஜென்சி டிராலியும் சரிபார்த்துக் கிளம்ப 8 ஆகிவிடும். பன்னிரண்டரை மணி நேரம். அமெரிக்கச் செவிலியர்களிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டரை மணி நேரத்தைத் தொட்ட ஷிப்டுகளில் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது. ஷிப்டுகள் ஒன்றின் மேல் ஒன்று 20 நிமிடம் படியும்படி நேரத்தை அமைத்து, அதற்கும் சம்பளம் கொடுங்கள். இல்லையென்றால் அந்த அரை மணி நேரம் தினமும் இலவச உழைப்பாகிறது. அவசரத்தில் சொல்ல விட்டுப்போன ஓர் ஆன்டிபயாட்டிக் டோஸுக்கு மெமோ மட்டும் சிஸ்டருக்கு வரும்.

அதிகாலை 3 முதல் 5 வரை உடல் வெப்பம் அடிமட்டத்தில் இருக்கும், கவனமும் அப்படியே. தூங்கியவரைப் பிடித்து மெமோ கொடுப்பதைவிட, முறை போட்டு 20 முதல் 30 நிமிடம் படுக்க விடுவது பாதுகாப்பு. அதற்கு ஒரு கட்டில், ஓர் அலாரம், அந்நேரம் அவர் நோயாளிகளைப் பார்க்கப் பெயர் குறித்த ஒருவர் வேண்டும். முப்பது நிமிடத்தைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடுவார்கள், எழுந்தபின் மந்தம் நீடிக்கும். எழுந்ததும் முகம் கழுவி ஒரு பதினைந்து நிமிடம் கழிந்த பிறகே ஊசி மருந்தில் கை வைக்க வேண்டும். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு மூன்றையும் அந்த நேரத்தில் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நீர்க்கச் செய்யாத பொட்டாசியத்தை நேராக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்பது எந்தச் செவிலியருக்கும் தெரியும். நாலு மணிக்குக் கண்கள் ஆம்ப்யூலின் (ஊசி மருந்துக் குப்பியின்) பெயரைப் படிப்பதில்லை, வடிவத்தைப் பார்க்கின்றன. அங்கேதான் சிக்கல்.

வீட்டுப் பக்கம் வருவோம். லிஸ்ட்டை சனிக்கிழமை சாயங்காலம் ஒட்டி திங்கள்கிழமை அமலாக்கினால், அந்த ஒருநாள் இடைவெளியில் ஒரு குடும்பமே தலைகீழாகும்: பிள்ளையை யார் பள்ளியிலிருந்து அழைப்பது, அத்தைக்கு யார் இன்சுலின் போடுவது, கணவரின் ஷிப்டோடு எப்படிப் பொருத்துவது. இரண்டு வாரம் முன்பே லிஸ்ட் வரட்டும். வீட்டுக்கு ஒரு பிரதி கொடுங்கள், குளிர்பதனப்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொள்ளட்டும். ஒருவருக்கொருவர் டூட்டி மாற்றிக்கொள்ள ஒரு நோட்டு வையுங்கள். அனுபவம் ஒத்தவராக இருந்து, 12 மணி நேர இடைவெளி கெடாவிட்டால் இன்சார்ஜ் சிஸ்டரே கையெழுத்துப் போட அதிகாரம் போதும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இலேயே மகப்பேறு சலுகைச் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. அது நைட்டிலும் திறந்திருந்தால்தான் செவிலியருக்குப் பயன். ஹாஸ்டலில் வெவ்வேறு ஷிப்டுக்காரர்களை ஒரே அறையில் போடாதீர்கள். செலவில்லாத மாற்றம் இது, ஏன் இன்னும் நடக்கவில்லை என்று எங்களுக்கு விளங்கவில்லை.

புதிதாகச் சேர்பவர்களுக்கான பயிற்சியில் நைட்டுக்கான தூக்கத்தையும் சொல்லிக்கொடுங்கள். காபி, டீயை இரவு 2 மணியோடு நிறுத்த வேண்டும். குடித்ததில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் நிற்கும். கண் சொக்கினால் ஸ்கூட்டியை எடுக்கவே கூடாது, பஸ்தான். அல்லது மருத்துவமனையிலேயே அரை மணி நேரம் படுத்துவிட்டுப் போகலாம். வீட்டில் கறுப்புத் திரை, போன் இன்னோர் அறையில். காலையில் நாலைந்து மணி நேரம், நைட்டுக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம் என்று இரண்டாகப் பிரித்துத் தூங்கலாம். பகலில் படுத்திருப்பவரைச் சும்மா இருப்பவராக நினைக்கும் வீடுகள் நிறைய. அதனால் இந்த ஒரு வகுப்புக்கு வீட்டிலிருந்து ஒருவரையும் கூப்பிடுங்கள்.

நோயாளி இறந்து உறவினர்கள் கைநீட்டும் நாட்கள் வருகின்றன. தாக்குதலுக்கு எதிராக 2008 முதல் மாநிலச் சட்டம் உண்டு. புகாரை நிர்வாகமே கொடுக்க வேண்டும், அடிபட்ட பெண்ணைத் தனியாகக் காவல் நிலையத்துக்கு அனுப்பக் கூடாது. அன்று மீதி ஷிப்டிலிருந்து அவரை விடுவித்து, துணையோடு வீட்டுக்கு அனுப்புங்கள். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்வது வேண்டாம். ஒரே அமர்வில் அப்படிக் கிளறுவதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. ஆலோசகர் மனிதவளத் துறைக்கு அறிக்கை கொடுப்பவராக இருந்தால் அவரிடம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். வெளியிலிருந்து ஒருவரை நியமியுங்கள். ஆஃப் நாட்களிலும் தூக்கம் வராமல் இரண்டு வாரம் போனால், டூட்டிக்குக் கிளம்பும்போதே அழுகை வந்தால், மனநல மருத்துவரைப் பார்க்க விடுப்பு கொடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் 2022 முதல் இலவசமாக இயங்குகிறது, டூட்டி அறையில் எழுதி ஒட்டலாம்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது என்பது தெரியும். நாலாவது ஆளை எடுக்கப் பணமும் நேரமும் வேண்டும். ஷிப்டு வரிசையைத் திருப்பவும், 12 மணி நேர இடைவெளி விடவும், லிஸ்ட்டை முன்கூட்டி ஒட்டவும் பணம் வேண்டாம். அடுத்த மாத லிஸ்ட்டை எடுத்து, மதிய ஷிப்டுக்கு மறுநாளே காலை ஷிப்டு விழுந்த இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுப் பாருங்கள். அந்த வட்டங்களை நீக்கிவிட்டு லிஸ்ட்டில் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனைப் பணியாளர் நலனில் ஈடுபட்டுள்ள செவிலியர்கள், மருத்துவர்கள், மனநல ஆலோசகர்கள்