டெலவேரில் கம்பெனி, சம்மனை வாங்குவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிருந்தபடியே அமெரிக்காவில் கம்பெனி தொடங்குவது பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். டெலவேர் மாநிலத்தில் எல்.எல்.சி. (உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கம்பெனி வகை) பதிவு செய்ய நேரில் போக வேண்டியதில்லை என்று எழுதியிருந்தது சரிதான், கோவையில் நாலு பேரை வைத்து சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தும் நானும் அப்படித்தான் பதிவு செய்தேன். ஆனால் கம்பெனிக்கு வரும் சம்மனையும் அரசுக் கடிதங்களையும் அங்கே வாங்கிக்கொள்ளும் ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் விஷயத்தை மட்டும் 'பதிவு செய்து தருபவர்களே பார்த்துக்கொள்வார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கும் அன்றைக்கு இதையேதான் சொன்னார்கள், நம்பினேன், 200 டாலருக்கு மேல் தண்டம் கட்டினேன்.

நம் ஊரில் கம்பெனிக்கு ஒரு ரெஜிஸ்டர்டு ஆபீஸ் இருந்தால் போதும். வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, தபால் வாங்க ஆள் இருந்தால் சரி. அங்கே ஆபீஸ் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், கோவையில்கூட இருக்கலாம், ஆனால் பதிவு செய்த மாநிலத்துக்குள்ளேயே ஒரு தெரு முகவரி வேண்டும், வேலை நேரத்தில் அங்கே ஆள் இருக்க வேண்டும், யாராவது வழக்குப் போட்டால் சம்மனையும், அரசு ஏதாவது அனுப்பினால் அதையும் கையில் வாங்குவதற்கு. தபால் பெட்டி எண் செல்லாது. அப்படி வாங்கிக்கொள்பவர்தான் ஏஜென்ட், மற்றபடி அவர் நம் வக்கீலும் இல்லை ஆடிட்டரும் இல்லை. டெலவேரின் வில்மிங்டன் நகரில் வடக்கு ஆரஞ்சுத் தெரு 1209 என்று ஒரு சாதாரணக் கட்டடம் இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு அதுதான் சட்டப்படியான முகவரி! எல்லாம் இந்த ஏஜென்ட் ஏற்பாடுதான்.

என் கதைக்கு வருகிறேன். டெலவேரில் எல்.எல்.சி.க்கு வருட வரி 300 டாலர், ஜூன் 1-க்குள் கட்ட வேண்டும். தவறினால் 200 டாலர் அபராதம், அப்புறம் மாதம் ஒன்றரை சதவீதம் வட்டி. வரி கட்டச் சொல்லும் நோட்டீஸ் நமக்கு நேராக வராது, ஏஜென்ட்டுக்குத்தான் போகும். என் ஏஜென்ட்டும் அனுப்பத்தான் செய்திருக்கிறார், ஆனால் பதிவு செய்த சமயத்தில் தொடர்பு மின்னஞ்சல் என்று எங்கள் ஆபீஸ் பையன் ஒருவன் தன்னுடையதைக் கொடுத்திருந்தான், அவன் வேலையை விட்டே எட்டு மாதம் ஆகியிருந்தது. நவம்பரில் ஒரு வாடிக்கையாளர் 'குட் ஸ்டாண்டிங்' சான்றிதழ் (பாக்கி இல்லாமல் கம்பெனி ஒழுங்காக இருக்கிறது என்று மாநில அரசு தருவது) கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பழைய அஞ்சல்பெட்டியைத் திறந்து பார்த்தால் மூன்று நினைவூட்டல்கள், மூன்றும் படிக்கப்படாமல் தடித்த எழுத்தில். தப்பு பாதி என்னுடையதுதான். ஆனால் மூன்று மெயிலுக்குப் பதில் இல்லை என்றால் ஒரு போன் போட்டிருக்கலாம், என் நம்பர் அவர்களிடம் இருந்தது. அடுத்த வருடச் சந்தாவுக்கு மட்டும் கார்டிலிருந்து தானாகவே பணத்தை எடுத்துக்கொண்டார்கள், முதல் வருடம் இலவசம் என்று சேர்த்தவர்கள்!

இது வரி, கட்டிவிட்டு வெளியே வரலாம். சம்மனாக இருந்தால்? அமெரிக்க மத்திய நீதிமன்ற வழக்கு என்றால் பதில் சொல்லப் பொதுவாக 21 நாள்தான். ஏஜென்ட் கையில் கொடுத்தாலே கம்பெனி வாங்கியதாகக் கணக்கு. அவர் பத்து நாள் மேஜையில் போட்டு வைத்தால் மிச்சம் 11 நாள். பதிலே போகவில்லை என்றால் நம் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும்.

'எங்கள் சித்தி பையன் நியூஜெர்சியில் இருக்கிறான், அவன் அட்ரஸைக் கொடுத்தால் ஆகாதா?' என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டார்கள். ஆகாது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம். டெலவேரிலேயே குடியிருக்கும் உறவினர் என்றால் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவர் வேலைக்குப் போன நேரத்தில் சம்மன் வந்தால், ஒரு மாத லீவில் ஊருக்கு வந்திருந்தால் என்ன செய்வது? முகவரியும் அரசின் இணையதளத்தில் எல்லோர் கண்ணிலும் படும். உறவு கெட வேண்டாம், ஆண்டுக்குச் சுமார் 50 முதல் 300 டாலருக்குள் இதையே தொழிலாகச் செய்பவர்கள் கிடைக்கிறார்கள்.

அவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இரண்டாம் வருடக் கட்டணம் எவ்வளவு என்பதுதான். வந்த கடிதத்தை அன்றைக்கே ஸ்கேன் செய்து அனுப்புவார்களா, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தனிக் காசா, இரண்டு மின்னஞ்சல் கொடுக்கலாமா, விலகிப் போக நினைத்தால் தனியாகப் பணம் கேட்பார்களா என்பதெல்லாம் அப்புறம். சந்தா கட்டாமல் விட்டால் ஏஜென்ட் ராஜினாமா செய்துவிடலாம், உரிய நாட்களுக்குள் வேறு ஆளை நியமிக்காவிட்டால் கம்பெனியின் பதிவே ரத்தாகிவிடும்.

விளக்கிச் சொல்கிற ஏஜென்ட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நண்பர் ஒருவர் எல்.எல்.சி. இல்லாமல் கார்ப்பரேஷனாக, அதாவது பங்குகள் உள்ள கம்பெனியாக, ஒரு கோடி பங்குகளுடன் பதிவு செய்திருந்தார். கார்ப்பரேஷனுக்கான வருட வரியை மார்ச் 1-க்குள் கட்டச் சொல்லி வந்த நோட்டீஸில் 85,165 டாலர்! மனிதர் அன்றிரவு தூங்கவில்லை. பங்குகளின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு அது. சொத்து மதிப்பையும் சேர்த்துக் கணக்கிடும் இன்னொரு முறையில் அவருக்குக் குறைந்தபட்ச வரியான 400 டாலரும், அறிக்கைக் கட்டணம் 50 டாலரும்தான் வந்தது. இதை அவருடைய ஏஜென்ட் மறுநாள் இரண்டே வரியில் எழுதி அனுப்பினார்.

ஆனால் வருமான வரித் தாக்கல் ஏஜென்ட் வேலை இல்லை. வெளிநாட்டில் இருக்கும் ஒரே ஆள் நடத்தும் எல்.எல்.சி. என்றால், கம்பெனிக்கும் உரிமையாளருக்கும் இடையில் நடந்த கொடுக்கல் வாங்கலைக் காட்டி 5472 என்ற படிவம் தர வேண்டும், தராவிட்டால் அபராதம் 25,000 டாலர். அதற்கு அந்த ஊர்க் கணக்கரைப் பிடியுங்கள்.

நான் ஏஜென்ட்டை மாற்றிவிட்டேன். புதியவரிடம் என் மின்னஞ்சலோடு என் மனைவியுடையதையும் கொடுத்திருக்கிறேன், வேலையை விட்டுப் போக முடியாத ஆள் அவள்தான். கட்டுரையின் அடுத்த பகுதி வந்தால் ஜூன் 1, மார்ச் 1 இரண்டு தேதிகளையும் கட்டம் கட்டிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சரவணம்பட்டி, கோவை.