படையை மாற்றாதே, கண்ணம்மா

சென்னை,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய மெசேஜை ராத்திரியே பார்த்துவிட்டேன். போனில் பேசினால் இரண்டு பேரும் வேறு கதைக்குப் போய்விடுவோம், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசைமேல் குட்டிப் பொம்மைப் படைகளை நகர்த்தி, பகடை உருட்டி ஆடுகிற வார்ஹாமரில் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றுவிட்டாய். பகடை கைவிட்டுவிட்டது என்கிறாய். இம்பீரியல் கார்டு சிப்பாய்களை விற்றுவிட்டு, இப்போது எல்லோரும் ஜெயிக்கிற படை ஒன்றை வாங்கலாமா என்று கேட்கிறாய். வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பகடை. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான், இதை விட்டுவிட முடியாது. எதிராளியின் ஸ்பேஸ் மரீன்கள், அந்தக் கனத்த கவச வீரர்கள், உன் பின்வரிசைக்குப் பக்கத்தில் 9 இஞ்சுக்குச் சற்றுத் தள்ளி வந்து இறங்கினார்கள், பாய்ந்து வந்து கைகலக்கிற சார்ஜும் கிடைத்துவிட்டது, 'அவனுக்கு அதிர்ஷ்டம்' என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தூரம் பாய இரண்டு பகடையும் சேர்ந்து 9-ஓ அதற்கு மேலோ விழ வேண்டும், அதற்கு 36-ல் 10 வழி இருக்கிறது. கிட்டத்தட்ட 28 சதவீதம். ஆனால் அவன் ஒரு கமாண்ட் பாயிண்ட் கொடுத்து மறுபடி உருட்டலாம். அப்படிச் சேர்த்துப் பார்த்தால் 48 சதவீதம். நாணயம் சுண்டுவது போலத்தான். இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது? அவன் இறங்க நீ இடம் விட்டிருந்தாய். அதைத்தான் பார்க்க வேண்டும்.

பாட்டி ஆடுபுலி ஆட்டம் ஆடியது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டு, 23 புள்ளி, புலிக்கு 3 கூழாங்கல், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை. பாட்டி எப்போதும் ஆட்டுப் பக்கம்தான். ஆடு யாரையும் வெட்ட முடியாது, பதினைந்தையும் இறக்கி முடிக்கும்வரை நகரவும் முடியாது. ஆனாலும் பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். கீழ்வரியில் இருந்து நிரப்பிக்கொண்டு வருவாள். புலி வெட்டுவது ஆட்டைத் தாண்டிப் பின்னால் இருக்கும் காலிப் புள்ளியில் குதித்துத்தான். கடைசி வரியில் இருக்கும் ஆட்டை மேலிருந்து தாண்ட முடியாது, பின்னால் புள்ளியே இல்லையே. அடுத்த ஆட்டை அதற்கு முன்னால் வைத்தால் அதையும் தாண்ட முடியாது, பின்னால் ஆள் நிற்கிறது. இப்படியே ஜோடி ஜோடியாக மேலே வருவாள். புலி சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் மூலையில் மாட்டிக்கொள்ளும்.

உன் படை அந்தப் புளியங்கொட்டைகள்தான். ஒரு சிப்பாயின் லாஸ்கன் துப்பாக்கி, பகடையில் 4-ஓ அதற்கு மேலோ விழுந்தால் படும், மரீனுக்குக் காயமாக 5-ஓ 6-ஓ வேண்டும், அவன் 3-ஓ அதற்கு மேலோ போட்டால் தப்பித்துவிடுவான். 36 முறை சுட்டால் 18 படும், 6 காயமாகும், 2 தங்கும். ஒரு மரீனைச் சாய்க்க அந்த இரண்டும் வேண்டும், ஆக ஒரே ஒரு மரீன்தான் சாய்வான். அப்படியிருக்க, அந்த மூன்று ஆட்டத்திலும் நீ சுடுவதற்காகவே ஆட்களை ஒரே மூலையில் குவித்து வைத்திருக்கிறாய். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர்களைப் பரப்பி நிறுத்து. மேசை விளிம்புக்கும் அவர்களுக்கும் நடுவில் யாரும் இறங்க இடம் இல்லாதபடி நிறுத்து. அவர்கள் வேலை இடத்தைப் பிடிப்பது. ஆப்ஜெக்டிவ் மேல், அதாவது பிடித்தால் புள்ளி கிடைக்கிற இடத்தின் மேல், உன் பத்துப் பேர் நின்றால் அவனுடைய ஐந்து மரீனால் அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. 5 ரவுண்டு முடியும்போது எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கா முக்கியமாகப் புள்ளி கொடுக்கிறார்கள்?

அடுத்த பத்து ஆட்டத்துக்கு ஒரே 2000 பாயிண்ட் லிஸ்டை, அதே படைப் பட்டியலை, வைத்துக்கொள். ஒரு யூனிட்டைக்கூட மாற்றாதே. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் மூன்று வரி எழுது: எந்த ரவுண்டில் ஆட்டம் கைவிட்டுப் போனது, அதற்கு முன் எடுத்த எந்த முடிவால் போனது, அப்போது வேறு என்ன செய்திருக்கலாம். பகடையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே. அப்புறம், ஒரு நாள் உன் படையை எதிராளியிடம் கொடுத்துவிட்டு நீ மரீனை எடுத்து ஆடு. உன் வேலியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அன்றைக்குத் தெரியும். பாட்டி எனக்குப் புலியைக் கொடுத்து இப்படித்தான் கற்றுக்கொடுத்தாள்.

பாணி பற்றிக் கேட்டாயே, உனக்கென்று ஒன்று இல்லை என்று. இருக்கிறது. நீ இங்கே அப்பாவோடு ஆடிய நாளிலிருந்து பார்க்கிறேன். ஒரு ஸ்குவாட் சிப்பாய்களை யார் கண்ணிலும் படாமல் பின்னால் வைத்திருப்பாய். நாலாவது ரவுண்டில் அது எழுந்து ஓடும். அப்பா ஒவ்வொரு தடவையும் ஏமாந்துபோவார். அதுதான் நீ. அதோடு சேர்ந்தே உன் குறையும் வருகிறது: அந்த ஓட்டத்துக்காகக் காத்திருந்து, முதல் இரண்டு ரவுண்டில் ஆப்ஜெக்டிவைக் காலியாக விடுகிறாய். புதுப் படை வாங்கினாலும் இதே குறை உன்னோடு வரும். அந்த ஓட்டம்தான் வராமல் போகும், ஓடுவதற்கு மலிவான ஆட்கள் இருக்க மாட்டார்களே.

இன்னொன்று. நகர்த்தும்போது எதற்காக நகர்த்துகிறாய் என்று வாய்விட்டுச் சொல். 'இவர்களுக்குப் பின்னால் யாரும் இறங்க 9 இஞ்சு இடம் இல்லாதபடி வைக்கிறேன், சரிதானே?' என்று கேட்டு வை. பிறகு கால் இஞ்சுக்குச் சண்டை வராது. உன்னோடு ஆடியவர் மறுபடி உன்னோடு ஆட ஆசைப்பட வேண்டும், எனக்கு அது ரொம்ப முக்கியம்.

படைக்கு நீ அடித்த நிறத்தை மாற்ற நினைக்காதே. அரக்கு நிறக் கோட்டு, மாம்பழ மஞ்சள் பட்டை. என் கல்யாணப் புடவையைப் பார்த்து நீ கலந்தது. நீ இருக்கிற நாட்டிங்ஹாமில்தான் வார்ஹாமரைத் தயாரிக்கிற கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் இருக்கிறது, அந்த ஊர் மேசைகளில் எத்தனையோ படைகளைப் பார்ப்பாய், இந்த நிறத்தில் ஒன்று பார்ப்பாயா? இங்கே டிபன் பாக்ஸில் ஸ்பாஞ்சும் பட்டர் பேப்பரும் போட்டு பெயின்ட் கலக்க ஈரப் பேலட் வைத்துக்கொண்டாய், இல்லாவிட்டால் மே மாத வெயிலில் பிரஷ்ஷிலேயே பெயின்ட் காய்ந்துவிடும். அங்கே குளிரில் மெதுவாகக் காயும், ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. மழை நாளில், பெயின்டுக்கு அடியில் பூசுகிற பிரைமர் ஸ்ப்ரே அடிக்காதே. போன ஐப்பசியில் நான் மொட்டை மாடியில் அடித்த ஆறு சிப்பாய்களும் ரவை ஒட்டியது போல் ஆகிவிட்டார்கள். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஆட்டத்தில் ஆட்களை நிறுத்தியதும், முதல் பகடை உருட்டுவதற்கு முன்னால், மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஸ்கேலும் பென்சிலும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா