சாயர் எழுதிய 225 பக்கங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ பேசியதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உனக்கு முதல் சம்பளம் கொடுத்த நிறுவனம் ஆற்றில் விடும் கழிவைப் பற்றி இன்று நீயே அறிக்கை எழுத வேண்டும். “உப்பிட்டவர்களுக்கு எதிராக எப்படி அப்பா எழுதுவது?” என்று கேட்டாய். பதில் தோன்றாமல் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.

சென்ற கோடையில் கலிஃபோர்னியாவின் பழைய பொன் சுரங்கமான மலகாஃப் டிக்கின்ஸுக்கு எங்களை அழைத்துப் போனாயே, நினைவிருக்கிறதா? மலையின் தோலை உரித்தது போல வெள்ளையும் மஞ்சளும் காவியுமாக நின்ற அந்தச் சுவர்களைப் பார்த்து, “எந்த இயந்திரத்தால் வெட்டினார்கள்?” என்று அம்மா கேட்டாள். “தண்ணீரால்” என்றாய். பீரங்கி போலிருந்த இரும்புக் குழாயைத் தொட்டேன். வெயிலில் கை சுட்டது. அந்தக் குழாயால் மலையைக் கரைத்துப் பொன்னை எடுத்துக்கொண்டு, சேற்றையும் சரளையையும் யூபா ஆற்றில் தள்ளினார்கள். ஆற்றுப் படுகை மேடாகி, கீழே மேரிஸ்வில் ஊர் கரையை உயர்த்திக்கொண்டே போயிற்று. 1875 ஜனவரியில் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. விளைநிலங்கள் சரளைக்கடியில் போயின.

அந்தச் சேற்றை எதிர்த்து எழுந்த வழக்கைத் தீர்த்த நீதிபதி லொரென்சோ சாயரைப் பற்றி ஊர் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். 1820இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 1850இல் எல்லோரையும் போலப் பொன்னாசையில் கலிஃபோர்னியா வந்து, தானும் சுரங்கத்தில் தோண்டியவர். பிறகு கலிஃபோர்னியாவின் சுரங்கப் பகுதி ஊரான நெவாடா சிட்டியிலேயே வக்கீல் தொழில் நடத்தினார். தண்ணீரைப் பாய்ச்சிப் பொன் எடுக்கும் முறை 1853இல் உருவானது அந்த ஊர்ப் பக்கம்தான். மாநில உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். அதிபர் கிராண்ட் நியமிக்க, 1870 முதல் 1891இல் இறக்கும்வரை கூட்டாட்சி நீதிமன்றத்தில் சர்க்யூட் நீதிபதி.

கூட்டத்தின் கூச்சலுக்கு இசைந்து போகிறவர் அல்ல என்பதை முன்பே காட்டியிருந்தார். நிறுவனங்கள் சீனர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டபோது, 1880இல் அது செல்லாது என்றார். அன்றைய கலிஃபோர்னியாவில் அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

மேரிஸ்வில்லில் சொத்து வைத்திருந்த எட்வர்ட்ஸ் உட்ரஃப் என்பவர், மலகாஃபைத் தோண்டிய நார்த் ப்ளூம்ஃபீல்டு சுரங்க நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். 1884 ஜனவரி 7 அன்று சாயர் தீர்ப்புச் சொன்னார், 225 பக்கம். நானும் முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் பெஞ்சு கிளார்க்காக இருந்தவன். தீர்ப்பு வாசிக்கும்போது தோற்றவர் முகத்தைத்தான் பார்ப்பேன். தன் வாதம் அதில் ஒரு வரியாவது ஏறியிருக்கிறதா என்று அவர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நிற்பார். ஏறாவிட்டால் அந்த ஆள் வீடு போய்ச் சேரும்வரை மனம் ஆறாது.

சாயர் சுரங்கக்காரர்களின் வாதங்களை எடுத்து வைத்துப் பதில் எழுதினார். இது காலகாலமாக நடக்கும் வழக்கம் என்றார்கள். நாடாளுமன்றச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது என்றார்கள். எத்தனையோ சுரங்கங்களின் மண் கலந்து வரும்போது எங்களை மட்டும் எப்படிப் பிடிப்பது என்றார்கள். எதுவும் நிற்கவில்லை. ஆனாலும் பொன்னைத் தோண்டாதே என்று அவர் சொல்லவில்லை. மண்ணை ஆற்றில் தள்ளாதே என்று நிரந்தரத் தடை போட்டார். மேரிஸ்வில் கொண்டாடியது. அவர் வக்கீலாகப் பிழைத்த மலையூர்களில் வேலை போனவர்கள் ஏராளம். அது அவருக்கும் வலித்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீயும் அவர்கள் தரப்பை முழுதாக எழுது, கண்ணம்மா. அந்த ஆலைக்குள் நடந்து பழகிய உன்னைவிட அதை நியாயமாக யாரால் எழுத முடியும்? பிறகு ஆற்றுத் தண்ணீரில் நீ கண்டதைக் கண்டபடி எழுதிவிடு.

அடுத்த ஞாயிறு ஓய்வாக இருந்தால் மேரிஸ்வில் வரை போய் வா. அன்று நேரமாகிவிட்டதால் நாம் போகவில்லை. கரைமேல் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் ஊரும் ஒன்றாகத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா